கையில் கட்டியிருக்கும் கருவி அளப்பது எது, ஊகிப்பது எது?

இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு, கையில் இருக்கும் ஸ்மார்ட்வாட்ச்சைக் கொஞ்சம் தளர்த்தி அடிப்பக்கம் பாருங்கள். பச்சை வெளிச்சம் தோலின் மேல் மின்னிக்கொண்டிருக்கும். எதற்கு என்று கேட்டால் பலரும் "நாடி பார்க்க" என்பார்கள். சரிதான். ஆனால் அந்த வெளிச்சத்துக்கு நாடி என்றால் என்னவென்று தெரியாது. ரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். அதுதான் மொத்த சூட்சுமமும். இதயம் ஒருமுறை சுருங்கும்போது மணிக்கட்டின் நுண்குழாய்களில் ரத்தம் சற்றுக் கூடுகிறது, திரும்பி வரும் வெளிச்சம் சற்றுக் குறைகிறது. அடுத்த கணம் ரத்தம் வடிகிறது, வெளிச்சம் கூடுகிறது. விளக்குகளுக்குப் பக்கத்தில் இருக்கும் சிறிய ஒளியுணரி இந்த ஏற்ற இறக்கத்தைப் பதிவு செய்கிறது. நிமிடத்துக்கு இப்படி எத்தனை முறை என்று எண்ணினால் நாடித்துடிப்பு.

அதே வாட்ச்தான் காலையில் "ஆழ்ந்த தூக்கம் 48 நிமிடம்", "மன அழுத்தம் 62", "இன்று உடலின் தயார்நிலை குறைவு" என்றும் சொல்கிறது. உள்ளே தூக்கத்தை அளக்கும் பாகம் எதுவும் கிடையாது. மன அழுத்தத்தை அளக்கும் பாகமும் கிடையாது. இருப்பவை பச்சை விளக்கும் ஒளியுணரியும். சில மாடல்களில் கூடவே சிவப்பு, அகச்சிவப்பு விளக்குகள். கையின் அசைவை உணரும் முடுக்கமானி. சுழற்சியை உணரும் ஜைரோஸ்கோப். தோலின் வெப்பநிலைக்கு ஒரு சென்சார். இசிஜி வசதி இருந்தால் மின்முனைகள். வெளியில் ஓடுபவர்களுக்கு ஜிபிஎஸ். ஆப்பைத் திறந்தால் தெரியும் முப்பது நாற்பது எண்களும் இந்த ஆறேழு பாகங்களிலிருந்துதான் வருகின்றன. சில எண்கள் சென்சாருக்குப் பக்கத்திலேயே நிற்பவை. சில, கணக்கின் மேல் கணக்குப் போட்டு வெகுதூரம் தள்ளி வந்தவை. ஓர் அணிகருவி ஒருவருடைய அன்றாடத்துக்கு உதவுமா, நிம்மதியைக் கெடுக்குமா என்பது பெரும்பாலும் இந்தத் தூரம் அவருக்குத் தெரியுமா என்பதைப் பொறுத்தது. அதனால் சென்சாருக்கு அருகில் இருக்கும் எண்ணிலிருந்து தொடங்கி, படிப்படியாகத் தள்ளிப் போவோம்.

காலடிக் கணக்கு

முடுக்கமானி என்பது சிலிக்கனில் செதுக்கிய மிகச் சிறிய எடை ஒன்று, நுண்ணிய வில்களில் தொங்கிக்கொண்டிருப்பது. கை அசையும்போது அந்த எடை ஒரு பக்கம் நகர்கிறது, அதனால் மின்தேக்கத்திறன் மாறுகிறது. மேல்-கீழ், முன்-பின், இட-வலம் என மூன்று திசைகளிலும் இது நொடிக்குப் பல முறை பதிவாகிறது. நடக்கும்போது வரும் அலை சீரான தாளத்தில் இருக்கும். மென்பொருள் அந்தத் தாளத்தைத் தேடி, ஒவ்வொரு முகட்டையும் ஓர் அடி என்று எண்ணுகிறது. எதேச்சையாகக் கை ஆடுவதை அடியாக எண்ணிவிடக் கூடாது என்பதால், பல கருவிகள் தொடர்ந்து சில அடிகள் நடந்த பிறகுதான் கணக்கில் சேர்க்கும். சமையலறைக்குள்ளேயே நாள் முழுக்க மூன்றடி, நான்கடி என்று நடப்பவருக்கு எண்ணிக்கை குறைவாக வருவதற்கு இதுவே காரணம். அவர் உழைக்கவில்லை என்று பொருள் இல்லை.

தள்ளுவண்டியையோ குழந்தையின் வண்டியையோ தள்ளிக்கொண்டு நடந்தால் கை ஆடாது, அடிகள் விடுபடும். ஊன்றுகோலோ வாக்கரோ பிடித்து மெதுவாக நடக்கும் முதியவர்களுக்கும் அப்படித்தான். மாறாக, கைதட்டுவது, பல் துலக்குவது, காய் நறுக்குவது எல்லாம் சில சமயம் அடிகளாகிவிடும். உங்கள் கருவியைச் சோதிக்க எளிய வழி உண்டு. தொடக்க எண்ணைக் குறித்துக்கொண்டு, வாய்விட்டு எண்ணிக்கொண்டே சரியாக 100 அடி நடந்து, நின்று, ஒரு நிமிடம் கழித்துப் பாருங்கள். வித்தியாசம் ஐந்துக்குள் இருந்தால் நல்ல கருவி. பத்துக்கு மேல் போனால், வலக்கையில் கட்டியிருக்கிறீர்களா இடக்கையிலா என்ற அமைப்பு ஆப்பில் சரியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

தூரம் என்பது அடியைவிட ஒரு படி தள்ளியது. ஜிபிஎஸ் இல்லாமல் நடந்தால், அடிகளின் எண்ணிக்கையை உங்கள் உயரத்திலிருந்து ஊகித்த அடிநீளத்தால் பெருக்கித்தான் தூரம் வருகிறது. 400 மீட்டர் ஓடுபாதையை ஒரு சுற்று நடந்து, 400-ஐ அடிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் உங்கள் உண்மையான அடிநீளம் கிடைக்கும். பல ஆப்களில் அதை நாமே உள்ளிடலாம்.

இனி அந்த 10,000. இது மருத்துவர்கள் கண்டுபிடித்த அளவு இல்லை. 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடியெண்ணிக்கு 'மன்போ-கே', அதாவது 'பத்தாயிரம் அடி மீட்டர்' என்று பெயர் வைத்தார்கள். விற்பனைக்கு வைத்த பெயர் உலகத்துக்கே இலக்காகிவிட்டது. 2019-இல் வயதான பெண்களிடம் நடத்திய ஓர் அமெரிக்க ஆய்வில், நாளுக்குச் சுமார் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் கணிசமாகக் குறைவாக இருந்தது. 7,500 அடியை ஒட்டி அந்த நன்மை மேலும் கூடாமல் நின்றுவிட்டது. எனவே கருவி கொடுக்கும் இலக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். முதல் வாரம் இயல்பாக இருங்கள். வாரச் சராசரி 3,800 என்றால் அடுத்த மாத இலக்கு 4,800. எட்டக்கூடிய இலக்குதான் பழக்கமாகும். பத்தாயிரத்தை எட்டாமல் மூன்று வாரம் தோற்றவர்கள் நான்காவது வாரம் வாட்ச்சை மேசை இழுப்பறையில் போட்டுவிடுகிறார்கள்.

நாடித்துடிப்பு: எப்போது நம்பலாம்

அமெரிக்கரான நார்மன் ஹோல்டர் 1940-களின் இறுதியில், நடமாடும் மனிதரின் இதயத் துடிப்பைப் பதிவு செய்த கருவியை முதுகில் சுமக்க வேண்டியிருந்தது. எடை சுமார் 38 கிலோ. கம்பியில்லாமல் மார்புப் பட்டையிலிருந்து மணிக்கட்டுக்குத் துடிப்பை அனுப்பும் கருவியை பின்லாந்தின் போலார் நிறுவனம் 1982-இல் கொண்டுவந்தது. இன்று அந்த வேலையைச் செய்வது ஒரு நாணய அளவு வட்டம். சாதனைதான். ஆனால் மார்புப் பட்டை இதயத்தின் மின்துடிப்பை நேரடியாக வாங்குகிறது. வாட்ச் வெளிச்சத்தை வைத்து வாங்குகிறது. இந்த வேறுபாடு ஓய்வில் தெரியாது, ஓட்டத்தில் தெரியும்.

உட்கார்ந்திருக்கும்போதும் தூங்கும்போதும் மணிக்கட்டு நாடிக் கணக்கு பொதுவாக நம்பத்தக்கது. ஓடும்போது ஒரு விசித்திரம் நடக்கும். சுலபமான ஓட்டம், மூச்சு வாங்கவில்லை, பேசிக்கொண்டே ஓடலாம். ஆனால் திரையில் 172. காலடி எண்ணிக்கையைப் பார்த்தால் அதுவும் நிமிடத்துக்கு 172! கால் தரையில் படும் ஒவ்வொரு அதிர்விலும் வாட்ச் சற்றுக் குலுங்கி, கீழே ரத்தமும் குலுங்கி, வெளிச்சத்தில் ஓர் அலை எழுகிறது. அந்த அலை உண்மையான நாடி அலையைவிடப் பெரிதாக இருந்தால், மென்பொருள் காலடியை நாடி என்று பிடித்துக்கொள்கிறது. இது நடந்தால் பயப்பட வேண்டியதில்லை. நின்று, ஸ்ட்ராப்பை ஒரு துளை இறுக்கி, முப்பது நொடி கழித்து மறுபடி பாருங்கள். எண் சட்டென்று 130-க்கு இறங்கினால், முன்பு பார்த்தது உங்கள் கால்.

கட்டும் இடமும் முக்கியம். மணிக்கட்டு எலும்பின் மேலேயே கட்டினால் வாட்ச்சுக்கும் தோலுக்கும் நடுவில் இடைவெளி விழும், வெளி வெளிச்சம் உள்ளே புகும். எலும்பைத் தாண்டி முழங்கைப் பக்கமாக ஒரு விரல் அகலம் தள்ளிக் கட்டுங்கள்; உடற்பயிற்சியின்போது இரண்டு விரல். கையை ஆட்டினால் வாட்ச் நகரக் கூடாது, கழற்றினால் ஆழமான தடம் பதிந்திருக்கவும் கூடாது. குளிரில் தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்குவதால் அலை மங்கும். பயிற்சிக்கு முன் ஐந்து நிமிடம் உடலைச் சூடாக்கினால் சரியாகும். எடை தூக்கும்போதும் சைக்கிள் கைப்பிடியை இறுக்கிப் பிடிக்கும்போதும் மணிக்கட்டுத் தசைநார்கள் புடைத்து அளவைக் கெடுக்கும். அங்கே மார்புப் பட்டைக்கு மாற்று இல்லை. சென்சார் படும் இடத்தில் அடர்த்தியாகப் பச்சை குத்தியிருந்தால் மை ஒளியை விழுங்கிவிடும். மறு கைக்கு மாற்றுவதே வழி.

நாடி தொடர்பான எண்களில் மிகவும் பயனுள்ளது, பலரும் கவனிக்காமல் விடும் ஓய்வுநிலை நாடி. பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை இயல்பு என்பார்கள். நல்ல பயிற்சி உள்ளவர்களுக்கு 60-க்குக் கீழேயும் இருக்கும். அடுத்தவருடைய எண்ணோடு ஒப்பிடுவதில் பயன் இல்லை. உங்களுடைய வழக்கமான எண் 64 என்றால், அது மூன்று நாளாக 71, 72 என்று நிற்கும்போது உடல் எதையோ சமாளித்துக்கொண்டிருக்கிறது: தூக்கக் குறைவு, நீர்ச்சத்துக் குறைவு, வெயில், மது, வரப்போகும் காய்ச்சல். அன்று கடும் பயிற்சியைத் தள்ளிவைக்கலாம். ஒருநாள் ஏற்றத்துக்கு எந்த அர்த்தமும் கற்பிக்க வேண்டாம்.

உழைப்பு லேசானதா, மிதமானதா, கடுமையானதா என்று நாடியை வைத்துப் பிரித்து வண்ண வண்ணமாகக் காட்டும் இதயத்துடிப்பு மண்டலங்களில் ஒரு குறை ஒளிந்திருக்கிறது. பெரும்பாலும் அவை 220-இலிருந்து வயதைக் கழித்து வரும் உச்ச நாடியை அடிப்படையாகக் கொண்டவை. அது கூட்டத்தின் சராசரி. தனிமனிதருக்குப் பத்து, பன்னிரண்டு துடிப்புகள் முன்னே பின்னே இருப்பது சாதாரணம். ரத்தக் கொதிப்புக்கோ இதயத்துக்கோ பீட்டா-பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்களுக்கு நாடி வழக்கமான அளவுக்கு ஏறாது. அவர்கள் மண்டலத்தைத் துரத்தி ஓடுவது ஆபத்து. பேச்சுச் சோதனை போதும்: முழு வாக்கியம் பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் அது மிதமான உழைப்பு. உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை கேட்பது அந்த உழைப்பைத்தான்.

கலோரி: இதை மறைத்துவைத்தாலும் நஷ்டமில்லை

2017-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏழு மணிக்கட்டுக் கருவிகளை 60 பேரிடம் சோதித்தார்கள். ஏழில் ஆறு, நாடித்துடிப்பை ஐந்து சதவீதப் பிழைக்குள் சொல்லின. கலோரியில் ஒன்றுகூடத் தேறவில்லை. இருப்பதிலேயே சிறந்த கருவியின் சராசரிப் பிழை 27 சதவீதம். மோசமான கருவியின் பிழை 93 சதவீதம். காரணம் எளிது. எரிந்த கலோரியை எந்தச் சென்சாரும் பார்ப்பதில்லை. வயது, எடை, உயரம், பாலினம், நாடி, அசைவு ஆகியவற்றைச் சூத்திரத்தில் போட்டு எடுக்கும் விடை அது. நேர்காணலுக்குக் காத்திருக்கும் பதற்றத்திலும் வெயிலிலும் காபி குடித்த பிறகும் நாடி ஏறும். தசை ஒன்றும் கூடுதலாக உழைத்திருக்காது, சூத்திரம் மட்டும் கலோரியைச் சேர்த்துவிடும்.

"இன்று 500 எரித்துவிட்டேன், 500 சாப்பிடலாம்" என்ற கணக்கு இதனால்தான் இடறுகிறது. 2016-இல் வெளியான, 471 பேர் பங்கேற்ற இரண்டாண்டு ஆய்வில், எடை குறைப்புத் திட்டத்தில் அணிகருவி பெற்றவர்கள் சராசரியாக 3.5 கிலோ குறைந்தார்கள். கருவி இல்லாமல் தாமே குறித்துவைத்தவர்கள் 5.9 கிலோ. கருவி எடையைக் கூட்டும் என்று இதற்குப் பொருள் இல்லை. கருவியைக் கட்டினாலே எடை குறைந்துவிடும் என்ற நம்பிக்கைக்குத்தான் இது பதில்.

தூக்கம்

ஆய்வகத்தில் தூக்கத்தை அளக்க, தலையில் மின்முனைகள் ஒட்டி மூளை அலைகளையும், கண் அசைவையும், தாடைத் தசையின் இறுக்கத்தையும் சேர்த்துப் பதிவு செய்வார்கள். மணிக்கட்டில் இவற்றில் ஒன்றும் இல்லை. அசைவு நின்றது, நாடி இறங்கியது, துடிப்புகளுக்கிடையே உள்ள இடைவெளி மாறியது என்பதிலிருந்து வாட்ச் ஊகிக்கிறது. படுக்கைக்குப் போன நேரம், எழுந்த நேரம், ஏறத்தாழ எவ்வளவு நேரம் தூங்கினீர்கள் என்பவை ஓரளவு சரியாக வரும். ஆடாமல் அசையாமல் படுத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் கவலைப்பட்டாலும் அதைத் தூக்கம் என்று பதிவு செய்யும். தூக்கமின்மையால் தவிப்பவருக்கு இந்தக் கருவி "நன்றாகத் தூங்கினீர்கள்" என்று சொல்வது இப்படித்தான். ஆழ்ந்த தூக்கம், கனவுத் தூக்கம் என்ற பிரிவுகள் ஊகத்தின் மேல் ஊகம். இரண்டு நிறுவனங்களின் வாட்ச்சை இரண்டு கையிலும் கட்டித் தூங்கினால் இரண்டும் வேறு வேறு கதை சொல்லும்.

எழுந்தபோது தெளிவாக இருந்தவர், மதிப்பெண் 58 என்று பார்த்ததும் சோர்ந்துபோகிறார். அன்றிரவு மதிப்பெண்ணை உயர்த்த வேண்டும் என்ற பதற்றத்தில் தூக்கம் மேலும் கெடுகிறது. 2017-இல் அமெரிக்கத் தூக்க மருத்துவ ஆய்வாளர்கள் இதற்கு 'ஆர்த்தோசோம்னியா' என்றே பெயர் வைத்தார்கள். இந்தச் சுழலில் மாட்டியவர்களுக்குத் தூக்கப் பக்கத்தை முகப்பிலிருந்து எடுத்துவிட்டு, வாரம் ஒருமுறை, படுத்த நேரமும் எழுந்த நேரமும் எவ்வளவு சீராக இருந்தன என்பதை மட்டும் பார்க்கச் சொல்வோம். தூக்கத்தைத் திருத்த உதவும் எண்கள் அவை இரண்டுதான். பலத்த குறட்டை, மூச்சு நின்று திணறி விழிப்பது, பகலில் தூக்கம் தள்ளுவது இவை இருந்தால், வாட்ச் நல்ல மதிப்பெண் காட்டினாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மருத்துவம் போலத் தோன்றும் எண்கள்

கவனம் மிக அதிகம் தேவைப்படுவது இந்த இடத்தில்தான்.

வாட்ச்சில் எடுக்கும் இசிஜி ஒற்றைப் பாதை இசிஜி. ஒரு மணிக்கட்டுக்கும் மறு கையின் விரலுக்கும் நடுவே 30 நொடி ஓடும் மின்வரைவு. மருத்துவமனையில் எடுப்பது பன்னிரண்டு கோணங்களிலிருந்து பார்ப்பது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் எனும் தாளம் தப்பிய துடிப்பைக் கண்டுபிடிக்க ஒற்றைப் பாதை உதவும். மாரடைப்பை அதனால் கண்டுபிடிக்க முடியாது. நெஞ்சு இறுகுகிறது, இடக்கை அல்லது தாடை வலிக்கிறது, வியர்க்கிறது என்றால் வாட்ச்சில் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. "சீரான தாளம்" என்று வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மாரடைப்பின்போது தாளம் சீராகவே இருக்கலாம்.

தாளக் கோளாறு எச்சரிக்கை எவ்வளவு அரிது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. ஆப்பிள் வாட்ச் அணிந்த 4,19,297 பேரைச் சேர்த்து நடந்த ஆய்வின் முடிவு 2019-இல் வெளிவந்தது. எச்சரிக்கை பெற்றவர்கள் 0.52 சதவீதம். அவர்களில், பிறகு மார்பில் ஒட்டும் இசிஜி பட்டையை அணிந்து திருப்பி அனுப்பியவர்களில் 34 சதவீதத்தினருக்குத்தான் அந்தப் பட்டையில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் பதிவானது. சிலருக்கு அது வந்து வந்து போகும் என்பதால் மற்றவர்களுக்கு இல்லவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. எச்சரிக்கை வந்தால் அலற வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். பதிவை பிடிஎஃப்பாக ஏற்றுமதி செய்து, எந்த நேரத்தில், என்ன செய்துகொண்டிருந்தபோது வந்தது என்று எழுதிக்கொண்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

ரத்த ஆக்சிஜன் அளவு சிவப்பு, அகச்சிவப்பு ஒளிகளின் விகிதத்திலிருந்து வருகிறது. நம்மைப் போன்ற கருமையான தோல் உள்ளவர்கள் இங்கே ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். தோலின் மெலனின் நிறமியும் ஒளியை உறிஞ்சும். விரலில் மாட்டும் மருத்துவமனை ஆக்சிமீட்டர்களையே 2020-இல் ஆராய்ந்தபோது, கருவி 92 முதல் 96 சதவீதம் என்று காட்டிய வேளையில் உண்மையான அளவு 88-க்குக் கீழே இருந்த நிகழ்வு வெள்ளையர்களிடம் 3.6 சதவீதம், கறுப்பினத்தவர்களிடம் 11.7 சதவீதம். மருத்துவமனைக் கருவிக்கே இந்த நிலை என்றால் மணிக்கட்டில் ஆடிக்கொண்டிருக்கும் கருவியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மூச்சு வாங்கும்போது 95 என்ற எண்ணைப் பார்த்து ஆறுதல் அடையாதீர்கள்.

ரத்த அழுத்தம் காட்டும் வாட்ச்கள் சில, நான்கு வாரத்துக்கு ஒருமுறை கையில் சுற்றும் பட்டைக் கருவியோடு ஒப்பிட்டுச் சரிசெய்யச் சொல்கின்றன. அந்தத் தேதி கடந்துவிட்டால் வரும் எண்ணுக்கு மதிப்பில்லை. அதை வைத்து மாத்திரை அளவை மாற்றவே கூடாது.

ரத்தச் சர்க்கரை? தோலைத் துளைக்காமல் தானாகவே சர்க்கரை அளப்பதாகச் சொல்லும் எந்த வாட்ச்சுக்கும் மோதிரத்துக்கும் தாங்கள் அனுமதி தந்ததில்லை என்று அமெரிக்காவின் உணவு, மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்டிஏ 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. வாட்ச் திரையில் சர்க்கரை எண் தெரிவதும், வாட்ச்சே சர்க்கரையை அளப்பதும் வேறு வேறு. மேற்கையில் ஒட்டும் தொடர் சர்க்கரைக் கருவியில் மெல்லிய இழை ஒன்று தோலுக்குள் நிற்கிறது. அது அளந்து அனுப்புவதை வாட்ச் காட்டுகிறது, அவ்வளவுதான். அந்த இழையும் ரத்தத்தை அளப்பதில்லை. செல்களுக்கிடையே உள்ள திரவத்தை அளக்கிறது. அதனால் சர்க்கரை வேகமாக ஏறும்போதும் இறங்கும்போதும் சில நிமிடங்கள் பின்தங்கும். இரவில் கருவி இருக்கும் பக்கமாக ஒருக்களித்துப் படுத்தால் அழுத்தத்தில் திரவ ஓட்டம் குறைந்து, இல்லாத தாழ்சர்க்கரைக்கு அலாரம் அடிக்கும். உடலில் தெரியும் அறிகுறியும் எண்ணும் ஒத்துப்போகவில்லை என்றால், விரலில் குத்திப் பார்த்துவிட்டே முடிவெடுக்க வேண்டும்.

இதயத்தில் பேஸ்மேக்கர் அல்லது டிஃபிப்ரிலேட்டர் பொருத்தியவர்கள் காந்தம் உள்ள ஸ்ட்ராப்பையும் சார்ஜரையும் கருவி பொருத்திய இடத்திலிருந்து குறைந்தது 15 செ.மீ. தள்ளி வைக்க வேண்டும். சட்டைப் பையில் போடக் கூடாது.

முதியவர்களும் விழுதல் எச்சரிக்கையும்

அப்பா அம்மாவுக்கு வாங்கித் தரும் பலர் இந்த ஒரு வசதிக்காகத்தான் வாங்குகிறார்கள். நியாயமான காரணம். ஆனால் அது எப்படி இயங்குகிறது என்று தெரியாமல் நம்பக் கூடாது. முடுக்கமானியில் திடீரென்று விழுதல் போன்ற ஒரு பெரிய அதிர்வு தெரிந்தால்தான் வாட்ச் "விழுந்தீர்களா?" என்று கேட்கும். அசைவும் பதிலும் இல்லாவிட்டால் சிறிது நேரம் காத்திருந்துவிட்டு அவசர எண்ணை அழைக்கும். நாற்காலியிலிருந்து மெல்லச் சரிந்து இறங்கினால் அந்த அதிர்வே இருக்காது, கருவிக்குத் தெரியாது. தனி சிம் இல்லாத மாடல் என்றால், போன் அருகில், புளூடூத் எட்டும் தூரத்தில் இருந்தால்தான் அழைப்பு போகும். போனைப் படுக்கையறையில் வைத்துவிட்டுத் தோட்டத்தில் விழுந்தால் அழைப்பு போகாது. முதியவர்கள் அதிகம் வழுக்கி விழும் இடங்களில் ஒன்றான குளியலறைக்கு அதைக் கழற்றிவைத்துவிட்டுப் போகும் பழக்கமும் உண்டு. ஆப்பில் வயதைச் சரியாகப் பதிவதும், அவசர எண்ணில் உடனே எடுக்கக்கூடிய ஒருவரை வைப்பதும், அழைப்பை ரத்து செய்வது எப்படி என்று அவர்களைவிட்டே இரண்டு மூன்று முறை செய்யவைத்துப் பழக்குவதும் வாங்கிய அன்றே முடிய வேண்டிய வேலைகள்.

கையில் அதிரும் ஒவ்வொரு அறிவிப்பும்

உடலைப் பற்றிய எண்களைவிட அன்றாடத்தை அதிகம் மாற்றுவது இந்த அதிர்வுதான். போன் பையில் இருந்தால் எடுத்துப் பார்க்க ஒரு சோம்பல் இருக்கும். அந்தச் சோம்பல் பாதுகாப்பு. மணிக்கட்டில் அது கிடையாது. அதோடு, பேசிக்கொண்டிருக்கும்போது வாட்ச்சைப் பார்ப்பதற்கு மனிதர்களிடையே மிகப் பழைய பொருள் ஒன்று இருக்கிறது: "எனக்கு நேரமாகிறது." நீங்கள் பார்த்தது ஏதோ தள்ளுபடி விளம்பரத்தை, எதிரில் இருப்பவருக்குப் புரிந்தது வேறு. முதல் நாளே எல்லா ஆப்களின் அறிவிப்பையும் அணைத்துவிட்டு, அழைப்பு, நாள்காட்டி, நெருங்கிய நான்கைந்து பேருடைய செய்தி ஆகியவற்றை மட்டும் திறந்துவிடுங்கள். ஒரு வாரம் கழித்து எதையாவது தவறவிட்டதாகத் தோன்றினால் அதை மட்டும் சேர்க்கலாம். "எழுந்து நட" என்ற நினைவூட்டல் மேசை வேலைக்காரர்களுக்கு உண்மையாகவே நல்லது, அது இருக்கட்டும்.

காதில் மாட்டும் கருவிகளும் இந்தக் குடும்பம்தான். 80 டெசிபல் ஒலியில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பது பெரியவர்களுக்கான உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. மூன்று டெசிபல் கூடினால் அந்த நேரம் பாதியாகும்: 83-இல் 20 மணி, 86-இல் 10 மணி. பல போன்கள் இந்தக் கணக்கைத் தாமே வைத்திருக்கின்றன. ஆரோக்கிய ஆப்பில் செவி என்ற பகுதியில் பார்க்கலாம்.

தகவல் எங்கே போகிறது

2018 ஜனவரியில், ஓட்டத் தடங்களைப் பதியும் ஆப்பான ஸ்ட்ராவாவின் நிறுவனம் வெளியிட்டிருந்த உலக 'வெப்ப வரைபடத்தில்' (பயனர்கள் அதிகம் ஓடிய இடங்கள் ஒளிரும் வரைபடம்), பாலைவனத்தின் நடுவே ஒளிரும் சிறு வளையங்களை ஒருவர் கவனித்தார். அங்கே இருந்த ராணுவ முகாம்களின் வீரர்கள் வாட்ச்சோடு ஓடிய தடங்கள் அவை. சாதாரண மனிதருக்கு இது எப்படிப் பொருந்தும்? தினமும் ஒரே இடத்தில் தொடங்கி அங்கேயே முடியும் ஓட்டப் பாதை உங்கள் வீட்டு வாசலைக் காட்டுகிறது. எத்தனை மணிக்கு வீட்டில் இருக்க மாட்டீர்கள் என்பதையும் சேர்த்து. ஆப்பில் கணக்கைத் தனிப்பட்டதாக மாற்றி, தொடக்கமும் முடிவும் மறைக்கும் வசதியை இயக்குங்கள். மருத்துவரிடம் சொல்வதற்கு உள்ள சட்டப் பாதுகாப்பு, வாட்ச் நிறுவனத்திடம் சேரும் தகவலுக்குப் பல நாடுகளில் அப்படியே பொருந்தாது. மாதவிடாய்ப் பதிவு போன்ற அந்தரங்க விவரங்கள் எந்த சர்வரில் சேமிக்கப்படுகின்றன, யாருடன் பகிரப்படுகின்றன என்பதைத் தனியுரிமைப் பக்கத்தில் பார்த்துவிட்டு உள்ளிடுங்கள். பழைய வாட்ச்சை விற்கும் முன் போனிலிருந்து இணைப்பை நீக்கி, கருவியில் ஃபேக்டரி ரீசெட் செய்ய வேண்டும். இணைப்பை நீக்காமல் ரீசெட் மட்டும் செய்தால், சில மாடல்களில் வாங்கியவரால் பயன்படுத்த முடியாமல் பூட்டிக்கொள்ளும்.

தோல், நீர், சார்ஜ்

ஸ்ட்ராப்புக்குக் கீழே வரும் சிவப்புத் தடிப்பைப் பலரும் ஒவ்வாமை என்கிறார்கள். பெரும்பாலும் அது அடைபட்ட வியர்வையும் சோப்பு மிச்சமும் உரசலும் சேர்ந்த எரிச்சல். வியர்த்த பிறகு கழற்றி, கையையும் ஸ்ட்ராப்பையும் நல்ல நீரில் கழுவி, முழுக்கக் காயவைத்துக் கட்டினால் ஒரு வாரத்தில் ஆறும். ஆறாமல், உலோகம் படும் இடத்திலோ பசை படும் இடத்திலோ அதே வடிவில் தடித்தால்தான் நிக்கல் அல்லது (பசையில் இருக்கும்) அக்ரிலேட் ஒவ்வாமையைச் சந்தேகிக்க வேண்டும்.

நீரைத் தாங்கும் திறனாகக் குறிப்பிடும் '5 ஏடிஎம்' என்றால் 50 மீட்டர் ஆழம் போகலாம் என்று பொருள் இல்லை. அசையாத நீரில் அந்த ஆழத்துக்கு இணையான அழுத்தத்தைச் சோதனையில் தாங்கியது என்றே பொருள். நீச்சலுக்குப் போதும். வெந்நீர்க் குளியலும் நீராவியும் சோப்பும் உள்ளே இருக்கும் ரப்பர் வளையத்தை மெல்ல மெல்லத் தளர்த்தும். கடல் நீரில் இறங்கினால் வந்ததும் நல்ல நீரில் அலச வேண்டும். அதனால் குளிக்கும் நேரத்தையே சார்ஜ் நேரமாக வைத்துக்கொள்வது பலருக்கு வசதி (விழுதல் எச்சரிக்கைக்காக அணியும் முதியவர்களுக்கு இது பொருந்தாது, அவர்கள் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்க்கும்போது சார்ஜ் செய்யட்டும்). தினமும் அரை மணி நேரம் கிடைத்தாலே பல வாட்ச்கள் இரவைத் தாண்டும். சார்ஜில் போடும் முன் பின்புறக் கண்ணாடியை ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துவிடுங்கள். பச்சை விளக்கின் மேல் படிந்த வியர்வைப் படலமும் அளவைக் கெடுக்கும்.